கதிர் உள்ளே, தாள் வெளியே

ஐயாதுரை சாமியாடி. வானொலியும் மழை சொல்லும், அவரும் மழை சொல்வார். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் மழை சொன்னால் அங்கே குடித்தனம் பண்ணுகிறவள் பாடு என்ன ஆகும் என்று அவர் மனைவி சீனியம்மாளைத்தான் கேட்க வேண்டும்.

அவர்கள் இருந்தது வத்திராயிருப்பில். தெருவில் பாதிப் பேர் பங்காளிகள். எல்லோருக்கும் குலதெய்வம் ஒன்றே: ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடியில், ஓடைக்கரையில் இருக்கிற சாஸ்தா. வருஷம் முழுக்க அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்காதவன்கூட மாசிச் சிவராத்திரிக்குப் பெண்டு பிள்ளையோடும் பானை சட்டியோடும் கிளம்பிவிடுவான். போகாமல் இருந்தால் சாமி கோபிக்கும். சாமி கோபிக்கிறதோ இல்லையோ, சொந்தக்காரர்கள் நிச்சயம் கோபிப்பார்கள். அங்கே ஐயாதுரைமேல் சாமி இறங்கும். வேட்டியை வரிந்து கட்டி, கண் சிவந்து அவர் ஆடி நின்றதும், மகளுக்கு எப்போது வரன் அமையும், காணாமல் போன மாடு எந்தப் பக்கம் போனது என்று கேள்விகள் வந்து விழும். கடைசியாக யாராவது ஒரு பெரியவர், "மழை எப்போ சாமி?" என்று கேட்பார். அதற்குச் சொல்கிற பதிலை ஊரே மடியில் கட்டிக்கொண்டு வரும்.

மற்ற நாள்களில் ஐயாதுரை ராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கிற, அதிர்ந்து பேசாத மனிதர். வானொலி விஷயத்தில் மட்டும் அவருக்குப் பொறுமை கிடையாது.

"ஓரிரு இடங்கள்ல மழை பெய்யலாம்னு சொல்லுதான். அந்த ஓரிரு இடம் எந்த இடம்னு கேளுட்டி. பெய்யலாம்னா என்ன அர்த்தம்? பெய்யாமலும் இருக்கலாம்னுதான? இதைச் சொல்ல ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளம்!"

சீனியம்மாள் தலையை ஆட்டிவிட்டு அடுப்பைப் பார்ப்பாள். ஆனால் சாயங்காலம் உழவர் நிகழ்ச்சி வருகிற நேரத்தில் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச காலமாக அந்த நிகழ்ச்சியில் வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. மழை வரும், வராது என்று சொல்லிவிட்டுப் போய்விடாமல், அதனால் நீ இன்னது செய், இன்னது செய்யாதே என்றும் ஒரு அம்மாள் நிதானமாகச் சொன்னாள். காற்று பலமாக இருக்கும், இன்றைக்கு மருந்து அடிக்காதே என்பாள். பனி இறங்கப் போகிறது, குலைநோய் வரும், பயிரைப் பார் என்பாள். தை மாதத்தில் அவள் பேச்சைக் கேட்டுத்தான் சீனியம்மாள் உரம் போடுவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். அடுத்த வயல்காரன் போட்ட உரம் மழையோடு ஓடையில் போனது. அன்றையிலிருந்து அந்த அம்மாளை அவள் மனசுக்குள் மதினி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

வயல் அவளுடையதும் இல்லை. காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை எடுத்து, கதிர் அறுத்து வந்தவள் அவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற வைகுண்டராஜுக்கு வத்திராயிருப்புக் கண்மாய்க்குக் கீழே ஒரு ஏக்கர் நிலம் சும்மா கிடந்தது. அவர் வீட்டுப் படியில் நின்று, குத்தகைக்குத் தாருங்கள் என்று கேட்டவள் இவள்தான். பொம்பளையை நம்பி நிலம் விடுவதா என்று அவர் யோசித்தார். பிறகு, "ஒரு வெள்ளாமை பாப்போம். குத்தகை நெல்லு சுத்தமா வீடு வந்து சேந்தா நிலம் உன்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா சுந்தரபாண்டியத்துக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டிருக்கான், அவனுக்குத்தான்" என்றார். சீனியம்மாளுக்கு அது போதும். அந்த ஒரு ஏக்கரை அவள் பிள்ளையைப் போலப் பார்த்தாள். நெல்லும் அவளை ஏமாற்றாமல் தலை சாய்ந்து விளைந்தது.

அது தொண்ணூற்று நாலாம் வருஷம். சிவராத்திரிக்குக் காப்புக் கட்டின அன்றைக்கே ஐயாதுரைமேல் சாமி வந்து, "பங்குனி பொறக்குற மட்டும் ஒரு பொட்டு விழாது. தைரியமா அறுங்கலே!" என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான், பங்காளிகள் எல்லோரும் அரிவாளைத் தீட்டினார்கள். அறுத்த அரியை அப்படியே வயலில் காய விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவது, திரும்பி வந்து கட்டித் தூக்கிக் களத்தில் அடிப்பது என்று ஏற்பாடு. சீனியம்மாளும் அறுவடைக்காரி சுடலைமாடத்தியின் ஆள்களை வைத்து வயல் முழுக்க அறுத்துப் போட்டாள். மறுநாள் சிவராத்திரி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு வானொலியைத் திருப்பினாள்.

மதினிதான் பேசினாள். குரலில் வழக்கமான நிதானம், ஆனால் கொஞ்சம் அழுத்தம் கூடியிருந்தது.

"தென் மாவட்ட விவசாயிகளின் கவனத்துக்கு. நாளை இரவு முதல் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரப் பகுதிகளில் பரவலாகக் கனமழை பெய்யக்கூடும். அறுவடை செய்து வயலில் போட்டிருக்கும் நெல்லை உடனடியாகக் கட்டி மேடான இடத்துக்குக் கொண்டு செல்லவும். தரையில் ஓலையோ பழைய வைக்கோலோ பரப்பி, கதிர் உள்ளே, தாள் வெளியே இருக்கும்படி வட்டமாக அடுக்கி, தார்ப்பாயால் மூடவும்."

சீனியம்மாள் வானொலியைத் தணித்தாள். நிற்கிற பயிர் நனைந்தால்கூடத் தப்பும். அறுத்துக் கிடக்கிற கதிர் ஒரு ராத்திரி தண்ணீரில் கிடந்தால் முளைவிட்டுவிடும். அது யாருக்கும் ஆகாது, கோழிகூடக் கொத்தாது.

"கேட்டீகளா?" என்றாள்.

ஐயாதுரை மணிக்கட்டுக் காப்பைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கேட்டேன், கேட்டேன். சாமி ஒண்ணு சொல்லியிருக்கு, இவ ஒண்ணு சொல்லுதா. நீ யாரு பேச்சைக் கேக்கப் போற?"

"சாமி பொய் சொல்லாது. ஆனா சாமி சொல்றது உங்க வாய் வழியால்ல வருது."

இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்ன பெரிய வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயாதுரை எழுந்து வாசலில் போய் நின்றார். மலை தெளிவாக இருந்தது, ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை. "அந்தா பாரு" என்று கையை மட்டும் நீட்டினார்.

காலையில் தெருவே கிளம்பியது. காப்புக் கட்டினவர் அரிவாள் தொடக்கூடாது, வயலில் இறங்கவும் கூடாது. ஐயாதுரை நினைத்தாலும் நிற்க முடியாது. சீனியம்மாள் மட்டும், "நான் வரல. சாமிகிட்ட என் குத்தத்தைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க. விரதத்தை இங்கன இருந்தே பிடிக்கேன்" என்று சொல்லிவிட்டாள். சிவராத்திரிக்கு வராத மருமகளா என்று ஒரு பங்காளி வீட்டுப் பெண் மூக்கில் விரல் வைத்தாள். ஐயாதுரை திட்டுவார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் திட்டவில்லை. பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கடைசியாகத் திரும்பி, "வெயில்ல ரொம்ப அலையாத" என்று மட்டும் சொன்னார்.

பஸ் போனதும் அவள் ஆள் தேடக் கிளம்பினாள். அப்போதுதான் தான் செய்த காரியத்தின் கனம் அவளுக்குத் தெரிந்தது. சுடலைமாடத்தி வீட்டில் பூட்டு. கீழத்தெரு முழுக்கப் பூட்டு. அவரவருக்கு அவரவர் சாமி, ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே. ஊரில் அரிவாள் பிடிக்கத் தெரிந்த ஒரு கையும் மிச்சமில்லை. பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாத ஒரு பச்சை உடம்புக்காரி மட்டும் ஜன்னல் வழியாக, "நாளைக்கு வாங்க அக்கா" என்றாள். நாளைக்கு என்ற ஒன்று இருந்தால் எதற்காக இந்த அலைச்சல்!

கட்ட ஆள் கிடைக்காவிட்டால் போகிறது, தார்ப்பாயாவது வாடகைக்கு வாங்கி முடிந்த மட்டும் மூடலாம் என்று கடைத்தெருவுக்கு நடந்தாள். அங்கே பீர் முகமது சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் மைக் செட்டும் பந்தலும் அவருடையதுதான். ஒரு கல்யாணத்தில் திடீர் மழையில் ஆம்ப்ளிபயர் நனைந்து புகைந்ததிலிருந்து, வானிலைச் செய்தியை அவரைப் போல உற்றுக் கேட்கிறவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. கேட்பதோடு நிற்காமல் அதை டேப்பில் பிடித்து, மறுநாள் காலையில் டீக்கடைக்கு வருகிற சம்சாரிகள் காதில் விழட்டும் என்று கடை வாசலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் போடுவார். அவரை யாரும் போடச் சொல்லவில்லை. ஒரு பைசா லாபமும் இல்லை.

அன்றைக்கு வாசலில் குழாயைக் காணோம். பீர் முகமது நோன்புக் களைப்போடு கல்லாப் பெட்டிக்குப் பின்னால் சாய்ந்திருந்தார். அந்த வருஷம் நோன்பும் சிவராத்திரியும் ஒன்றாக வந்திருந்தன.

"வா தங்கச்சி. மைக் செட்டுன்னா இல்ல. இருக்குற குழாய் அம்புட்டும் ஆளுக்கு ஒரு சாமிகிட்டப் போயிருச்சு. என்ன, நீ கோயிலுக்குப் போகலியா?"

"தார்ப்பாய் வேணும் பாய் அண்ணே. எம்புட்டு இருந்தாலும் குடுங்க."

"நேத்து ரேடியோ கேட்டியாக்கும்?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வயல்லயா கெடக்கு? சரி, தார்ப்பாய் தாரேன். கட்டித் தூக்குறது யாரு?"

சீனியம்மாள் அதுவரைக்கும் கலங்காமல்தான் இருந்தாள். அந்தக் கேள்வியில் உடைந்துபோனாள். "ஆளு இல்லண்ணே. ஊரே சாமிகிட்டப் போயிருக்கு. மொத வெள்ளாமை. இது போச்சுன்னா நெலமும் போச்சு" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

பீர் முகமது கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "அவுக எல்லாம் போயிட்டாக, சரி. நாங்க எங்க போகப் போறோம்? எங்க பள்ளிவாசல் இங்கனக்குள்ளதான இருக்கு. நீ வயலுக்குப் போ. தொழுகை முடிஞ்சு வாரேன்."

பள்ளிவாசலில் மதியத் தொழுகை முடிந்ததும் அவர் எழுந்து நின்று, "யாருக்கு அரி கட்டத் தெரியும்?" என்று கேட்டாராம். ஒரு கையும் உயரவில்லை. "சரி, யாருக்குச் சும்மா இருக்கத் தெரியாது?" என்று கேட்டாராம். அதைப் பின்னால் சிரித்துச் சிரித்துச் சொன்னவர் தையல்கடை அய்யூப்.

சீனியம்மாள் வரப்பில் நின்று பார்த்தாள். ஒரு டிராக்டரில் தார்ப்பாய்கள், பந்தல் கயிறுகள், கீற்றுக்கட்டுகள். கூடவே பீர் முகமதின் பந்தல்காரர்கள், பஜாரில் மூட்டை தூக்குகிறவர்கள், தையல்கடை அய்யூப், இறைச்சிக்கடைக்காரர், வழியில் இதென்ன கூட்டம் என்று கேட்டு ஏறிக்கொண்ட மரக்கடை பரிபூரணம். யாரும் அதற்கு முன் நெல் வயலில் கால் வைத்தவர்கள் இல்லை. ஒருவர் செருப்போடு இறங்கினார். இன்னொருவர் இதில் அரிசி எங்கே இருக்கிறது என்று நிஜமாகவே கேட்டார். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

முதல் கட்டை அய்யூப் கட்டினார். அத்தனை அழகாக, சட்டைக்குப் பொத்தான் வைத்த மாதிரி, நிதானமாக. அந்த வேகத்தில் போனால் சித்திரையில்தான் வயல் முடியும். "மாமா, இது கல்யாண மாப்பிள்ளை சட்டை இல்ல, சுருட்டிக் கட்டுங்க!" என்று ஒரு மூட்டைக்காரர் கத்தினார். சீனியம்மாள் குனிந்து, அரியை அள்ளி, முழங்காலால் அழுத்தி, வைக்கோல் பிரியை முறுக்கிச் செருகிக் காட்டினாள். பந்தல்காரர்கள் முடிச்சைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டார்கள். மூட்டைக்காரர்களுக்குத் தூக்குவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆளுக்கு இரண்டு கட்டாகத் தலையில் ஏற்றிக் களமேட்டுக்கு ஓடினார்கள். செத்த நேரத்தில் வயலுக்கு ஒரு ஓட்டம் வந்துவிட்டது.

சிக்கல் களத்தில்தான். அந்த ஊரில் அடித்து எடுத்த வைக்கோலைத்தான் போர் வைப்பார்கள். அடிக்காத கதிரை வட்டமாக அடுக்குவதைச் சீனியம்மாளே பார்த்ததில்லை. அவளோ வயலில் கட்டிக்கொண்டிருந்தாள். களத்தில் கட்டுகள் கண்டபடி விழுந்தன, கதிர் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

பீர் முகமது டிராக்டரிலிருந்து டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து களத்து ஓரக் கல்லின்மேல் வைத்தார். பேட்டரியைத் தட்டிப் போட்டு அமுக்கினார். மதினி பேசினாள்.

"தரையில் ஓலையோ பழைய வைக்கோலோ பரப்பி, கதிர் உள்ளே, தாள் வெளியே இருக்கும்படி வட்டமாக அடுக்கி..."

"நிப்பாட்டு, நிப்பாட்டு! அய்யா, கீத்தை முதல்ல விரிங்க. எல்லாத்தையும் திருப்பிப் போடு!"

யாருடையதோ ஒரு கல்யாணத்தில் பதிந்த டேப்பில்தான் அவர் செய்தியைப் பிடித்திருந்தார். சரியான இடத்தில் நிறுத்த மறந்தால், தார்ப்பாயால் மூடவும் என்றதுமே நாதஸ்வரம் கெட்டிமேளம் கிளம்பிவிடும். கையில் கட்டோடு நிற்பவர்கள் சிரிப்பார்கள். மறுபடி பின்னால் ஓட்டி, மறுபடி மதினி, மறுபடி கெட்டிமேளம். மேலே ஏறி நின்று அடுக்கிய பரிபூரணம் கடைசியில் அந்த வாசகத்தை ஜெபம் மாதிரி மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எங்கோ ஒரு நிலையத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்துப் படித்த அந்த அம்மாளுக்கு, தன் குரல் ஒரு களத்தில் மேஸ்திரி வேலை பார்த்தது தெரிந்திருக்க வழியில்லை.

சீனியம்மாளுக்கு ஒரே ஒரு குறைதான். வயலில் இறங்கினவர்களுக்குக் கஞ்சியோ மோரோ கொடுக்காமல் வேலை வாங்குவது அவள் அறியாத பாவம். கூலிக்குப் போன காலத்தில் தனக்குக் கஞ்சி ஊற்றாத வீட்டை அவள் மறந்ததே இல்லை. ஆனால் இவர்கள் நோன்பு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். பானையில் மோரைக் கரைத்துக்கொண்டு ஆளாளாகப் பார்த்தாள். நோன்பில்லாத ஒரே ஆளான பரிபூரணத்திடம் நீட்டினாள்.

"வேண்டாம் தாயி. எங்க மாதா கோயில்காரங்களுக்குத் தவக்காலம். ஒரு நேரச் சாப்பாடுதான், பொழுது சாயணும்."

"நீங்களுமா?"

"நீயாவது குடி."

"எனக்குச் சிவராத்திரி விரதம்."

பரிபூரணம் போர்மேல் நின்றபடி வயிறு குலுங்கச் சிரித்தார். ஊரில் உள்ள பட்டினி எல்லாம் ஒரே வயலில் கூடியிருந்தது. மோரைக் கடைசியில் டிராக்டர்காரருடைய நாய் குடித்தது.

பொழுது மேற்கே இறங்கும்போது மலைமேல் முதல் மேகம் தலைகாட்டியது. பிளவக்கல் அணைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கறுத்துப் பெருத்தது. கைகள் வேகமாயின. கடைசிக் கட்டு ஏறியதும் தார்ப்பாயைப் போர்த்தி, பந்தல்காரர்கள் நான்கு பக்கமும் முளையடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். வயல் துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. சீனியம்மாள் அதைப் பார்த்தாள், போரைப் பார்த்தாள், கை கால் எல்லாம் சிராய்ப்பும் அரிப்புமாகத் தரையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்களைப் பார்த்தாள். கூலிக்கு வந்தவர்கள் இல்லை, சொந்தம் இல்லை, கடமை என்று ஒன்றும் இல்லை. அவளுக்கு நன்றி என்ற சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லை. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள், கையை இறக்கவே தோன்றவில்லை.

"ஏ, இறக்கு தங்கச்சி. நாங்க என்ன சாமியா?" என்றார் பீர் முகமது கூச்சத்தோடு.

நோன்பு திறக்கிற நேரத்துக்கு அவர் மனைவி நூர்பானு இரண்டு பெண்களோடு கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு களத்துக்கே வந்துவிட்டாள். பேரீச்சம்பழமும் கஞ்சியும் கை மாறின. ஒரு குவளையைச் சீனியம்மாளிடம் நீட்டினாள். "கறி போடாத கஞ்சிதான், குடி."

"விடிஞ்சாத்தான் மதினி."

"அப்ப உன் பங்கை எடுத்து வைக்கேன். விடிஞ்சதும் குடிக்கணும், கீழ கொட்டுனேன்னு தெரிஞ்சுது, வந்து சண்டை போடுவேன்" என்று ஒரு தூக்குவாளியில் ஊற்றி மூடிக் கொடுத்தாள்.

அன்றிரவு மழை வந்தது. ரேடியோ மதினி சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்துக்கு.

விடிந்ததும் சீனியம்மாள் கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு களத்துக்கு ஓடினாள். அடித்த மழை கொஞ்சம் வெறித்துத் தூறலாகக் குறைந்திருந்தது. தார்ப்பாயைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். கதகதவென்று, காய்ந்த நெல். கதிர் ஒன்றை உருவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போரோடு ஒட்டி உட்கார்ந்து, தூக்குவாளியைத் திறந்து கஞ்சியைக் குடித்தாள். அவளுக்கு அழுகை வந்தது. துடைக்கவும் இல்லை, மழைதானே என்று விட்டுவிட்டாள்.

அப்போது ரோட்டில் ஒரு லாரி வந்து நின்றது. பங்காளிகள் திபுதிபுவென்று குதித்தார்கள். மத்தியானப் பூஜை, அன்னதானம் எல்லாம் இருக்கும்போது இவர்கள் எப்படி இந்நேரத்துக்கு வந்தார்கள்? முன்னால் ஓடிவந்தது ஐயாதுரையின் அண்ணன் காசிராஜன். வயதானவர், மூச்சு வாங்கியது.

"சாமி சொல்லிருச்சு தாயி! ராத்திரி ஆட்டத்துல ஒரு கேள்விக்கும் பதில் சொல்லல. எடுத்த எடுப்புல, இங்க ஏன்லே நிக்கீங்க, வயலுக்குப் போங்கலேன்னு ஒரே சத்தம். என்ன செய்யணும்னும் சொல்லிருச்சு."

"என்ன சொல்லிச்சு?"

காசிராஜன் கையை விரித்து, கண்ணை மூடி, சாமி சொன்னபடியே சொன்னார். "மேடான இடத்துக்குக் கொண்டு செல்லவும். கதிர் உள்ளே, தாள் வெளியே இருக்கும்படி வட்டமாக அடுக்கவும்."

எத்தனையோ வருஷமாக அந்தச் சாமி ஏலே, வாலே என்று பேசித்தான் அவள் கேட்டிருக்கிறாள். 'கொண்டு செல்லவும்' என்று அது எங்கே போய்ப் படித்தது? கூட்டத்துக்குப் பின்னால் ஐயாதுரை வந்துகொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு மழையில் கரைந்து வழிந்தது. குரல் கட்டிப்போயிருந்தது. அவள் பார்த்தாள். அவர் மலையைப் பார்த்தார். அதற்குப் பிறகு போரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாரு வச்சது?"

அவள் சொன்னாள். ஒவ்வொரு பேராகச் சொன்னாள். எல்லோரும் பட்டினியாக இருந்ததையும் சொன்னாள். ஐயாதுரை தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவர் அப்படிச் செய்வது சாமி சந்நிதியில் மட்டும்தான்.

சாமி சொன்னதா, அவர் சொன்னாரா என்பதைக் கேட்டு அவளுக்கு ஆக வேண்டியது என்ன இருக்கிறது? ஒரு ஊரே நம்புகிற வாயை வைத்துக்கொண்டு, போன வாரம் சொன்னதை இந்த வாரம் மாற்றிச் சொல்ல எத்தனை தைரியம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த மனிதர்மேல் அவளுக்கு அன்றைக்கு வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

பங்காளிகளின் நெல் ராத்திரி மழையில் நனைந்திருந்தாலும் இன்னும் முளைவிடவில்லை, தூறல் வலுப்பதற்குள் முக்கால்வாசியைக் கரை ஏற்றினார்கள். பீர் முகமது பரிபூரணத்தையும் கூட்டிக்கொண்டு, குடையைப் பிடித்தபடி வந்து டேப்பைப் போட்டார். காசிராஜன் கையில் கட்டோடு வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "பாத்தியா, சாமி சொன்னதையே ரேடியோவும் சொல்லுது!" என்றார். பரிபூரணம் எதையோ சொல்லப் போனார். சீனியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

மழை விட்டு, வெயில் ஏறி, பெருநாளைக்கு முந்தின தினம் சீனியம்மாளின் களத்தில் நெல் அடித்தார்கள். தூற்றிக் குவித்த நெல் பொன் மாதிரி கிடந்தது. குத்தகை நெல்லை மூட்டை பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினார்கள். ஒரு பிடியை மூக்கில் வைத்து முகர்ந்துவிட்டு, அடுத்த வெள்ளாமைக்கு என்ன விதை போடப் போகிறாய் என்று வைகுண்டராஜ் கேட்டு அனுப்பினார். அந்த ஒரு கேள்வியில் நிலம் அவளுடையதாகிவிட்டது.

ஆனால் அதற்கும் முன்னால் நடந்தது ஒன்று உண்டு. களத்தில் அளக்கிற முதல் மரக்கால் எப்போதும் குலதெய்வத்துக்குத்தான். அதைத் தனியாக முடிந்து வைத்துவிட்டுத்தான் மற்றது. மரக்காலைத் தலைதட்டி நிரப்பிவிட்டு சீனியம்மாள் தயங்கி நின்றாள். வந்தவர்களில் ஒருவர்கூடக் கூலி வாங்கவில்லை. பீர் முகமதை எவ்வளவோ கெஞ்சியும், "எனக்கு வேண்டாம். மனசு கேக்கலன்னா பள்ளிவாசலுக்குக் குடு, பெருநாளைக்கு ஏழைபாழைக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். கொடுக்க வேண்டும் என்றுதான் இருந்தாள். ஆனால் முதல் மரக்கால்? அதில் கை வைக்க அவளுக்கு மனசு நடுங்கியது. சிவராத்திரிக்குப் போகாத குற்றமே இன்னும் தலைமேல் இருந்தது.

ஐயாதுரை வந்து மரக்காலை அவள் கையிலிருந்து வாங்கினார். சாக்கில் கொட்டி வாயைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"சாமிக்கா?" என்றாள்.

"பள்ளிவாசலுக்கு."

"மொத மரக்காலாச்சே. சாமி கோவிக்காதா?"

ஐயாதுரை வரப்பில் இறங்கியபடியே திரும்பினார்.

"கேட்டுட்டேன்ட்டி. அன்னைக்கு அது கோயில்ல இல்லையாம், இங்கனதான் கட்டுத் தூக்கிக்கிட்டு நின்னுச்சாம்" என்றார். சொல்லிவிட்டுப் பள்ளிவாசலைப் பார்த்து நடந்தார்.